கொடுக்க முடியாத கடவுச்சொல்

"அந்தப் பெட்டியோட பாஸ்வேர்டு என்னம்மா?" என்று கேட்டார் புதிதாக மாற்றலாகி வந்திருந்த கண்காணிப்புப் பொறியாளர் ஜெயசுதா.

"எனக்குத் தெரியாது மேடம்" என்றாள் ரித்திகா.

புதிதாக வருகிற அதிகாரிகள் இந்த இடத்தில் சிரிப்பது வழக்கம். ஜெயசுதா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "சொல்லக் கூடாதா, இல்ல நிஜமாவே தெரியாதா?" என்றார்.

"நிஜமாவே தெரியாது. என் கைக்குத்தான் தெரியும்."

முகிலாறு அணையின் மேல்தளத்தில், மதகுகளை இயக்கும் கூடத்தை ஒட்டி இருந்தது அந்தச் சின்ன அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி. மேசைமேல் டிபன் கேரியர் உயரத்துக்கு ஒரு சாம்பல் நிறப் பெட்டி, கறுப்புத் திரை, விசைப்பலகை. பெட்டிக்குள் போவது மின்சாரக் கம்பி ஒன்றுதான். இணையம் கிடையாது, மவுஸ் கிடையாது. திரையில் படமோ பொத்தானோ வராது. ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்தில் கட்டளையை எழுத்தாகத் தட்ட வேண்டும்.

ரித்திகா உட்கார்ந்து 'பட்டியல்' என்று தட்டினாள். எட்டு மதகுகளின் பெயர்களும் கிளை பிரிந்து வரிசையாக வந்தன.

"பேரெல்லாம் வெளிய தெரியும் மேடம். ஒவ்வொரு பேருக்குள்ளயும் அந்த ஷட்டரோட இன்னைய கடவுச்சொல் இருக்கு. அது குறியாக்கம் பண்ணினது. பெட்டியையே தூக்கிட்டுப் போனாலும் ஒருத்தராலயும் படிக்க முடியாது. தினமும் காலையில எட்டு ஷட்டருக்கும் புதுசா உருவாக்கி, பழசை அழிச்சிடுவேன்."

"படிக்கணும்னா?"

ரித்திகா 'காட்டு மதகு/4' என்று தட்டினாள். அடுத்த வரியில் 'கை' என்ற ஒரு சொல்லை வைத்துவிட்டுத் திரை காத்திருந்தது.

அவள் மணிக்கட்டுகளை மேசையில் வைத்து, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மலையைப் பார்த்தாள். விரல்கள் தாமாக எழுந்தன. ஓட்டமும் நிதானமுமாக, நடுவில் மூச்சு வாங்குவதுபோல ஒரு சின்ன நிறுத்தத்தோடு, அவை பலகைமேல் போய்வந்தன. ஒன்பது வருஷமாகத் தினமும் நடப்பதுதான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் அவளுக்குக் கைமயிர் சிலிர்க்கும். வேறு யாருடைய கைகளையோ பார்ப்பதுபோல இருக்கும். எந்த விரல் எந்த எழுத்தைத் தொடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. கவனித்துப் பார்க்கலாம் என்று நினைத்தால் கை தடுமாறிவிடும்.

திரையில் நான்காம் மதகின் கடவுச்சொல் வந்து நின்றது. அவள் உடனே அழித்தாள்.

ஜெயசுதா மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "இதை எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஒரு விளையாட்டு மேடம். திரையில புள்ளி விழும், விழற இடத்துக்கான எழுத்தைத் தட்டணும். ஆறு மாசம் தினமும் விளையாட விட்டாங்க. அதுக்குள்ள ஒரே வரிசை திரும்பத் திரும்ப ஒளிஞ்சு வருமாம். மனசுக்குப் பிடிபடாது, விரலுக்குப் பிடிபட்டிடும். இந்தப் பலகை எழுத்தை மட்டும் பாக்காது. ஒரு விரலுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எவ்வளவு இடைவெளி, எவ்வளவு அழுத்தம், எல்லாம் சேர்ந்ததுதான் சாவி. பயந்தா அது மாறிடும். மாறினா திறக்காது."

"அதுக்குத்தானே செஞ்சாங்க" என்றார் ஜெயசுதா.

அந்தக் கதை துறையில் எல்லாருக்கும் தெரியும். மேலூற்று அணையின் காவலர் ஒருவரின் மகனைச் சிலர் பிடித்து, கழுத்தில் கத்தியை வைத்துக் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். அவர் சொல்லிவிட்டார். ஒரே சமயத்தில் எல்லா மதகும் திறந்து, ஆற்றோரம் இருந்த மூன்று ஊர்கள் போயின. விசாரணையில் அந்த மனிதர் தலையைக் குனியவில்லை. "உங்க பிள்ளை கழுத்துல கத்தி இருந்தா நீங்களும் சொல்லியிருப்பீங்க" என்றார். நீதிபதிகளால் அதை மறுக்க முடியவில்லை. அதன்பிறகுதான் நினைத்தாலும் கொடுக்க முடியாத கடவுச்சொல் ஒன்று வேண்டும் என்று ஆராயத் தொடங்கினார்கள். அணைக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு இரண்டு திறவாளர் என்று சட்டம் வந்தது. பயந்த கைக்குப் பெட்டி திறக்காது என்று ஊரறியச் சொன்னார்கள். பிறகு எந்தத் திறவாளரின் வீட்டுக்கும் யாரும் கத்தியோடு வரவில்லை.

ஆனால் கத்தி இல்லாமலும் மனிதர்களுக்குப் பயம் வரும். அதைத் துறை பின்னால்தான் யோசித்தது. யோசித்து, அமைதிப் பிரிவு என்று ஒன்றைத் தொடங்கியது.

முகிலாறு அணையில் அமைதிப் பிரிவு என்றால் ஸ்டெல்லா. நாகர்கோவில்காரர், உளவியல் படித்தவர், ரித்திகாவைவிடப் பத்து வயது மூத்தவர். ரித்திகாவின் கைப்பேசிக்கு வருகிற எதுவும் முதலில் ஸ்டெல்லாவிடம் போகும். தொலைக்காட்சியில் அவளுக்குச் சமையலும் பாட்டும் கிரிக்கெட்டும் வரும். தோற்ற ஆட்டங்கள் வராது. அணைக் குடியிருப்பில் இருக்கிற நாற்பது குடும்பத்துக்கும் ஸ்டெல்லா பாடம் எடுத்திருந்தார். ரித்திகா தெருவில் வந்தால் புருஷன் பெண்டாட்டி சண்டை பாதியில் நிற்கும். யாராவது இறந்தால் பின்வாசல் வழியாகத் தூக்கிப் போவார்கள். சில நாள் கழித்து, "அவங்க பிள்ளை வீட்டோட போயிட்டாங்க" என்று அவளிடம் சொல்வார்கள்.

அவள் ஒன்றும் ஏமாளி இல்லை. வேலையில் சேரும்போதே இதையெல்லாம் விளக்கிச் சொன்னார்கள், அவளும் சம்மதித்தாள். கீழே ஆறு போகிற வழியில் இருக்கிற ஊர்களை ஒரு நாள் ஜீப்பில் அழைத்துப்போய்க் காட்டியிருந்தார்கள். பள்ளிக்கூடங்கள், சந்தை, வாழைத் தோட்டங்கள், கோயில் தேர். 'இவ்வளவு பேருக்கு நம்ம கை' என்று அன்று அவள் மலைத்துப்போனாள். அந்த மலைப்பு இன்னும் போகவில்லை. அதற்காக எதையும் விட்டுக்கொடுக்கலாம் என்று தோன்றியது.

விட்டுக்கொடுத்தது எது என்று மெதுவாகத்தான் தெரிந்தது. ஒன்பது வருஷத்தில் அவள் முன்னால் ஒருத்தரும் அழவில்லை. அவள் சொல்கிற சாதாரண விஷயத்துக்கெல்லாம் எல்லாரும் ஒரு விநாடி முந்திச் சிரித்தார்கள். ஒருமுறை ஸ்டெல்லாவின் கண் சிவந்திருந்ததைப் பார்த்து, "என்னக்கா?" என்று கேட்டாள். "வெங்காயம் நறுக்குனேன்" என்றார் ஸ்டெல்லா. காலை ஏழு மணிக்கு, அலுவலக வராந்தாவில் நின்றுகொண்டு சொன்னார்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அணைக்கு ரித்திகா ஒருத்திதான் திறவாளர். இன்னொருவர், தேவசகாயம், ஆனியிலேயே வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் மனைவிக்கு மார்பில் கட்டி இருந்தது. எவ்வளவோ மறைத்தும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பரிசோதனை முடிவு வருவதற்காகக் காத்திருந்த நாட்களில் அவர் விரல்கள் பெட்டியைத் திறக்க மறுத்துவிட்டன. அவருக்குப் பதிலாக வருகிறவருக்குப் பயிற்சி முடியத் தை மாதம் ஆகும்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் பெட்டியைத் திறந்து எட்டு மதகுக்கும் புதிய கடவுச்சொற்களை வைத்துவிட்டு ரித்திகா வீட்டுக்கு வந்தாள். ஞாயிறு மதியம் கோவில்பட்டியில் இருக்கும் அப்பாவோடு பேசும் நேரம்.

அவள் அப்பா சங்கரபாண்டி பஸ் கண்டக்டராக இருந்தவர். பேருந்தின் கடைசி இருக்கை வரைக்கும் போகிற குரல். அண்ணன் செந்தூரனுக்கும் அச்சாக அதே குரல். அண்ணன் போனை எடுத்தால் அப்பா என்று நினைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் கல்யாணம் வரைக்கும் பேசிவிடுவார்கள்.

"சாப்ட்டியா தாயி?"

"ஆச்சுப்பா. நீங்க?"

"ரசமும் அப்பளமும். வாய்க்கு அதான் கேக்குது."

"அண்ணன் எங்க?"

"வெளிய போயிருக்கான்."

சிவகாசிப் பக்கம் மழை இல்லாதது, மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது என்று வழக்கமான பேச்சுத்தான். கடைசியில் ரித்திகா, "மழைக்காலம் முடிஞ்சதும் பொங்கலுக்கு வர்றேம்ப்பா" என்றாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு சின்ன அமைதி.

"வா தாயி" என்றது குரல்.

அவள் போனை வைத்துவிட்டுச் சாப்பிட்ட தட்டைக் கழுவினாள். ஒன்றும் தோன்றவில்லை. நன்றாகத்தான் இருந்தாள். கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தாள்.

மேகவெடிப்பு மலைக்கு அந்தப் பக்கம் நடந்தது. அணையில் ஒரு சொட்டு மழை இல்லை. அதனால்தான் யாருக்கும் உடனே தெரியவில்லை. மேலே காட்டுக்குள் இருந்த, நீர்மட்டம் சொல்லும் அளவைக் கருவி ஒன்று திடீரென்று பேசுவதை நிறுத்தியது. அடுத்ததும் நிறுத்தியது. பிறகு பள்ளத்தாக்கின் வளைவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. குடியிருப்பில் இருந்தவர்கள் லாரி வரிசை வருகிறது என்று நினைத்தார்கள்.

ரித்திகா மேல்தளத்துக்கு ஓடி வந்தபோது ஜெயசுதாவும் ஸ்டெல்லாவும் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றிருந்தார்கள். நீர்த்தேக்கத்தின் தூரத்து முனையில் ஆறு உள்ளே வந்துகொண்டிருந்தது. அது ஆறுபோல இல்லை. மலையின் ஒரு பக்கம் எழுந்து நடந்து வருவதுபோல இருந்தது. செம்மண் நிறத்தில், முழு முழு மரங்களை வேரோடு சுருட்டி, அவற்றைத் தீக்குச்சிகளைப்போல நிமிர்த்தியும் படுக்கவைத்தும் விளையாடிக்கொண்டு வந்தது. அணையின் கல் உடம்பு காலுக்கடியில் மெல்ல அதிர்ந்தது. இவ்வளவு பெரிய ஒன்றை அவள் கண் பார்த்ததே இல்லை. பயம் வரவில்லை. கோயிலில் திரை விலகும்போது வருகிற உணர்வுதான் வந்தது.

"இந்த வேகத்துல ஏறினா சாயங்காலத்துக்குள்ள மண்கரை மேல வழிஞ்சிடும்" என்றார் ஜெயசுதா. அவர் குரல் நிதானமாக இருந்தது. "மண்கரை மேல தண்ணி ஏறினா கரை நிக்காது. கீழ சைரன் அடிக்கச் சொல்லிட்டேன், ஜனங்க கிளம்பறாங்க. ஆனா அத்தனை பேரும் வெளியேற இன்னைக்குப் பொழுது பத்தாது. எட்டு ஷட்டரையும் படிப்படியாத் திறந்தா ஆறு தாங்கும், ஊரும் தாங்கும். ரித்திகா, நீங்க ரெடியா?"

"ரெடி மேடம்."

அவள் அறைக்குள் போய் உட்கார்ந்தாள். 'காட்டு மதகு/1' என்று தட்டினாள். 'கை' என்று வந்தது. ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். விரல்கள் எழுந்தன, ஓடின, நின்றன.

'இல்லை' என்றது திரை.

ஒன்பது வருஷத்தில் அந்தச் சொல்லை அவள் பயிற்சியின்போது மட்டும்தான் பார்த்திருக்கிறாள்.

"பரவாயில்ல, பரவாயில்ல" என்று ஸ்டெல்லா உடனே வந்து தோளைத் தொட்டார். "மூச்சை இழுத்து விடு. தண்ணியப் பாத்தல்ல, அதான். கண்ணை மூடிக்க."

ரித்திகா கண்ணை மூடினாள். மூச்சை எண்ணினாள். நெஞ்சு அமைதியாக அடித்துக்கொண்டிருந்தது. மறுபடி தட்டினாள்.

'இல்லை. ஒரு முறை மீதம்.'

மூன்றாவதும் தவறினால் மறுநாள் காலை வரைக்கும் பெட்டி எதையும் கேட்காது. அதைச் செய்தவர்களாலும் திறக்க முடியாது. பக்கத்துக் கூடத்தில் ஆட்கள் மதகுச் சக்கரத்தைக் கையால் சுற்றத் தொடங்கியிருந்தார்கள். அப்படிச் சுற்றி ஒரு மதகை ஓரடி தூக்குவதற்குள் ஆள் மாற்றி ஆள் களைத்துப்போவார்கள்.

ரித்திகா விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். வெகுநேரம் அவற்றையே பார்த்தாள்.

"அக்கா, நான் பயப்படல" என்றாள்.

"தெரியும்மா. ஒரு அஞ்சு நிமிஷம் பொறு. பாட்டு போடறேன்."

"பாட்டு வேண்டாம். நான் சொல்றதக் கேளுங்க. எனக்கு ஒண்ணுமில்ல, மனசு நல்லாத்தான் இருக்கு. ஆனா கை பயந்திருக்கு. காலையில திறந்துச்சு, இப்பத் திறக்கல. தண்ணிக்குப் பயந்தா எனக்குத் தெரியும். இது வேற. எனக்குத் தெரியாத ஏதோ ஒண்ணு என் கைக்குத் தெரிஞ்சிருக்கு." அவள் நிமிர்ந்து ஸ்டெல்லாவைப் பார்த்தாள். "எங்கிட்ட எதை மறைக்கிறீங்க?"

ஸ்டெல்லா சிரித்தார். ஒன்பது வருஷமாகச் சிரித்த அதே சிரிப்பு. "ஒண்ணும் மறைக்கல. நீயா எதையாவது நினைச்சுக்காத."

"அக்கா."

"ரித்திகா, இப்ப இது வேண்டாம்."

"அப்ப இருக்கு."

ஸ்டெல்லா திரும்பி ஜெயசுதாவைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே ரித்திகாவுக்குப் பாதி தெரிந்துவிட்டது. அவள் கைவிரல்கள் மடியில் கிடந்தபடியே நடுங்க ஆரம்பித்தன.

"வெளிய வாங்க மேடம், ஒரு நிமிஷம்" என்றார் ஸ்டெல்லா.

"இங்கயே சொல்லுங்க" என்றார் ஜெயசுதா.

"சொன்னா இவ உடைஞ்சிடுவா. தேவசகாயம் சாருக்கு என்ன ஆச்சுன்னு கேள்விப்பட்டிருப்பீங்கல்ல. இருக்கறது ஒரே ஒரு தடவை. கீழ எத்தனை ஊர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

ஜெயசுதா ஜன்னலுக்கு வெளியே நீர்மட்டத்தைப் பார்த்தார். பிறகு மேசை ஓரத்தில் சாய்ந்து நின்றார்.

"ஸ்டெல்லா, பெட்டி ரெண்டு தடவை இல்லைன்னு சொல்லிடுச்சு. நாம மறைச்சு வெச்சிருக்கும்போதுதான் சொல்லுச்சு. மறைச்சது வேலை செய்யலைன்னு அர்த்தம். இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? எனக்கு வேற வழி தெரியல." அவர் ரித்திகாவிடம் திரும்பினார். "உங்க அண்ணன் நம்பர் எங்கிட்ட இருக்கு. பொறுப்பு கை மாறும்போது குடுத்தாங்க. அவரே சொல்றதுதான் முறை. கேக்கறீங்களா?"

கேட்கிறேன் என்று ரித்திகா தலையை அசைத்தாள்.

ஜெயசுதா தன் கைப்பேசியில் அழைத்து, மேசைமேல் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு முறை மணி அடித்தது.

"ஹலோ" என்றது அந்தக் குரல்.

"அப்பா?" என்றாள் ரித்திகா.

"சொல்லு தாயி" என்று உடனே வந்தது பதில். பிறகுதான் அது வேறு எண்ணிலிருந்து வந்த அழைப்பு என்று அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். மூச்சு மட்டும் கேட்டது.

"அண்ணா" என்றாள் அவள்.

பின்னணியில் எங்கோ பிரஷர் குக்கர் விசில் அடித்தது.

"ரித்தி" என்றான் செந்தூரன். குரல் அதேதான். ஆனால் அதற்குள் இருந்த ஆள் மாறியிருந்தார். "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீ சொல்லு."

"புரட்டாசியிலம்மா. ரெண்டாவது சனிக்கிழமை. குளிச்சிட்டு வந்து ஈஸிசேர்ல உக்காந்தாரு, காப்பி கேட்டாரு. கொண்டு வரதுக்குள்ள போயிட்டாரு. வலின்னு ஒரு வார்த்தை சொல்லல. உனக்கு அன்னைக்கே சொல்லணும்னு போனை எடுத்தேன். அந்த ஸ்டெல்லாம்மாதான் பேசினாங்க. நீ ஒருத்திதான் இருக்கே, மழைக்காலம், அணைக்குக் கீழ ஜனம் அத்தனை பேரும் உன் கையிலன்னாங்க. தைப்பொங்கல் வரைக்கும் தாங்குங்கன்னாங்க. நான்..." அவன் நிறுத்தினான். "ஞாயித்துக்கிழமை போன் அடிச்சா அப்பாதானே எடுப்பாரு. நான் எடுத்தேன். நீ அப்பான்னு கூப்ட்ட. ஆமான்னுட்டேன்."

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒவ்வொரு வாரமும். அவர் சட்டையப் போட்டுக்கிட்டு உக்காந்து பேசுவேன். அப்பத்தான் அவர் பேசற மாதிரி வரும்."

ரித்திகா மேசைமேல் குனிந்தாள். நெற்றி விசைப்பலகையின் விளிம்பில் பட்டது. முதலில் சத்தம் வரவில்லை. பிறகு வந்தது. ஒன்பது வருஷமாக அந்தக் குடியிருப்பில் யாரும் அவள் முன்னால் எழுப்பாத ஒலி அது. கூடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்தி வாசலுக்கு வந்து நின்றார்கள். ஸ்டெல்லா சுவரில் சாய்ந்து இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். போனுக்குள் செந்தூரனும் அழுதான். அப்பாவின் குரலில் ஓர் ஆண் தேம்பி அழுவதை ரித்திகா அதற்கு முன் கேட்டதே இல்லை.

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. ஜெயசுதா ஒரு முறை வெளியே போய் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

அழுகை ஓயவில்லை. ஆனால் அழுதுகொண்டே ரித்திகா நிமிர்ந்தாள். முகத்தைத் துடைக்கவில்லை. உள்ளங்கைகளை மட்டும் சுடிதாரில் அழுத்தித் துடைத்துக்கொண்டு, மணிக்கட்டுகளை மேசையில் வைத்தாள்.

"வேண்டாம், கொஞ்சம் பொறு" என்றார் ஸ்டெல்லா. "இப்படி இருக்கும்போது தொடாத. அடங்கட்டும்."

"அடங்காதுக்கா" என்றாள் ரித்திகா. "இது இன்னைக்கு அடங்கற அழுகை இல்ல."

'காட்டு மதகு/1'.

'கை'.

மலையைப் பார்க்க முடியவில்லை. கண்ணில் நீர் நிறைந்து எல்லாம் கலங்கலாக இருந்தது. தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன. ஆனால் விரல்கள் எழுந்தன. அவள் உடம்பு முழுவதும் அழுதது, விரல்கள் மட்டும் அழவில்லை. வெள்ளத்தில் கால் ஊன்றி நிற்கிற மாடுபோல, அத்தனை குலுக்கலுக்கும் நடுவில் அவை தங்கள் வழியில் போயின. அதே ஓட்டம், அதே நிதானம், நடுவில் அந்தச் சின்ன நிறுத்தம். அறையில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

திரையில் முதல் மதகின் கடவுச்சொல் வந்து நின்றது.

வாசலில் நின்ற மதகு இயக்குபவர் ஒருவர் தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினார். ஜெயசுதா மட்டும் குனிந்து, எழுத்துகளை உரக்க, ஒவ்வொன்றாகப் படித்தார். கூடத்திலிருந்து "சரி" என்று குரல் வந்தது. மோட்டார் முனகியது.

இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொன்றுக்கும் பெட்டி 'கை' என்று கேட்டது. ஒவ்வொன்றுக்கும் அவள் கொடுத்தாள். எட்டாம் மதகும் ஏறியபோது அணையின் அடியிலிருந்து எழுந்த முழக்கம் அறைக்குள் நிறைந்து, ஜன்னல் கண்ணாடி ஒலித்தது. வெளியே எட்டு வெள்ளைச் சுவர்களாக நீர் விழுந்தது. அதன் புகை அணைக்கு மேலே உயர்ந்து, வெயிலில் நின்றது.

"என்னம்மா சத்தம் அது?" என்று போனுக்குள் செந்தூரன் கேட்டான். அவன் இன்னும் வைக்கவில்லை.

"தண்ணிண்ணா. திறந்தாச்சு." அவள் போனைக் கையில் எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டாள். "நீ சொல்லு. காப்பி கேட்டார்னியே. அதுக்கு முன்னாடி என்ன பேசினாரு? முதல்லேருந்து சொல்லு."

"கேக்குதா உனக்கு?"

"சத்தமாச் சொல்லு, கேக்கும்."

அவன் சத்தமாகச் சொல்லத் தொடங்கினான்.

வெள்ளம் கீழே வாழைத் தோட்டங்களையும் இரண்டு பாலங்களையும் கொண்டுபோனது. ஊர்கள் நின்றன.

வாரக் கடைசியில் சென்னையிலிருந்து அந்தப் பெட்டியை உருவாக்கியவர்களில் ஒருவர் வந்தார். நரைத்த தாடி வைத்த மனிதர். அன்றைய பதிவுகளை எல்லாம் பார்த்துவிட்டு, மேசை முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாங்க பயத்தைத்தான் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுத்தோம்" என்றார் ஜெயசுதாவிடம். "பயந்தவங்க கை எப்படித் தட்டும்னு ஆயிரம் பேர்கிட்ட அளந்தோம். துக்கத்துல இருக்கறவங்க கையை யாரும் அளக்கல. அளக்கணும்னு தோணவே இல்ல. ரெண்டும் ஒண்ணுன்னு நினைச்சுட்டோம்."

"பெட்டி அப்படி நினைக்கல" என்றார் ஜெயசுதா.

"இல்ல. அது கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். கை பயப்படாம இருக்கான்னு. வரப்போறதை நினைச்சுத்தான் கை பயப்படும். வந்து முடிஞ்சதுக்கு அழும், அவ்வளவுதான். அமைதின்னு நாங்களா ஒரு பேரு வெச்சு, ஊர் ஊரா உங்களை எல்லாம் பொய் சொல்ல வெச்சுட்டோம்." அவர் நிமிர்ந்து ரித்திகாவைப் பார்த்தார். "மன்னிப்புக் கேட்டா போதுமான்னு தெரியலம்மா."

அந்த ஞாயிறு மதியம் போனில் தன் கை எதைக் கேட்டது என்று ரித்திகா பல நாள் யோசித்தாள். அந்தச் சின்ன அமைதியையா, 'வா தாயி' என்ற சொல்லையா? தெரியவில்லை. அவள் கேட்காத எதையோ கை கேட்டிருக்கிறது. தனக்குள் இருக்கிற இன்னொருத்தியை நினைத்து அவளுக்கு இப்போதெல்லாம் கொஞ்சம் மரியாதை வந்திருந்தது.

ஊருக்குப் போய்விட்டு வர அவளுக்கு விடுப்பு கொடுத்தார்கள். தண்ணீர் வடியட்டும், மார்கழி முதல் வாரத்தில் போகிறேன் என்றாள். அமைதிப் பிரிவை மூடுகிற உத்தரவும் வந்தது. அன்று மாலை ஸ்டெல்லா தன் அறையைக் காலி செய்துவிட்டு, ரித்திகாவின் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் பையில்லை, முகத்தில் அந்தச் சிரிப்பும் இல்லை. சிரிப்பு இல்லாமல் அவர் எப்படி இருப்பார் என்று ரித்திகா பார்த்தது அதுவே முதல்முறை. வயதான, களைத்த ஒரு பெண்ணின் முகம்.

"உங்கிட்ட மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்" என்றார். "ஆனா நடந்து வரும்போது வேற ஒண்ணு தோணுச்சு. ஒன்பது வருஷமா நானும் யார்கிட்டயும் எதையும் சொல்லல. இங்க இருக்கறவங்களுக்குப் பாடம் எடுத்தது நான்தானே. நானே எப்படி மீற முடியும்?"

"உக்காருங்கக்கா" என்றாள் ரித்திகா.

ஸ்டெல்லா உட்கார்ந்தார். சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. மறுபடி எடுத்தார்.

"எனக்கு ஒரு பையன் இருந்தான்" என்றார்.

ரித்திகா எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பேர் என்னக்கா?" என்றாள்.